லான்சருக்கு ஜப்பான் கண்ணாடி

கேள்வி: ஜப்பானில் ஓடிய பழைய லான்சரின் பக்கக் கண்ணாடி, சீட் பெல்ட் இரண்டையும் திருவள்ளூர் லான்சரில் மாட்டலாமா?

பதில்: ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தயாரிப்பு 1998-இல் தொடங்கியது. ஜப்பானிலும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். அதனால் ஒரே தலைமுறை வண்டியாகவும், கண்ணாடியின் மின் பிளக்கின் பின்கள் ஒத்தும் இருந்தால் கண்ணாடி பொருந்தும். கண்ணாடிக்குப் பங்காளி உறவு போதும், பெல்ட்டுக்குப் போதாது. விபத்தில் இழுபட்ட பட்டை தன் வலுவை இழந்திருக்கும். பார்வைக்கோ புதிதுபோல் தெரியும், ஆபத்தே அதில்தான். பட்டையை நொடியில் இறுக்கும் பிரிடென்ஷனர் ஒரே ஒருமுறைதான் வெடித்து வேலை செய்யும். பிரிடென்ஷனர் உள்ள பெல்ட்டைக் கழற்றுமுன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் கனரக லாரிகளுக்கு நடுவே ஓடும் காருக்குப் புதிய பெல்ட் மட்டுமே தகும்.