மூன்றாவது ஸ்கிரீன்

தோட்டாவைத் தாமே அடைத்துச் சுடுகிறவர்கள் டெக்சாஸில் நிறையப் பேர். அவர்களுக்குத் தராசு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் குரோனோகிராஃப். குழல்வாயை விட்டுக் கிளம்பும் குண்டு வினாடிக்கு எத்தனை அடி போகிறது என்று அது சொல்லும். தொண்ணூறுகளில் நான் அங்கே சுடப் பழகியபோது, அந்த எண்ணைக் கண்டுபிடிக்கவே பாதிப் பகல் போய்விடும்.

அன்றைய கருவிகள் வெளிச்சத்தை நம்பியவை. குண்டு போகும் வழியில் இரண்டு ஸ்கிரீன்கள் நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் வானத்தைப் பார்த்தபடி ஓர் ஒளியுணரி இருக்கும். குண்டின் நிழல் முதல் ஸ்கிரீனில் பட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கும், அடுத்ததில் பட்டதும் நிற்கும். வினாடிக்கு 2,800 அடி போகும் குண்டு இரண்டடியைக் கடக்க ஒரு மில்லி வினாடிகூட ஆகாது.

கருவியை நிறுத்துவதுதான் பெரும்பாடு. ரேஞ்சில் எல்லாரும் சுடுவதை நிறுத்தி, துப்பாக்கிகளைக் காலி செய்து வைத்த பிறகே சுடும் கோட்டைத் தாண்டிப் போக முடியும். குழல்வாயிலிருந்து பத்துப் பதினைந்தடி தள்ளி முக்காலியை ஊன்ற வேண்டும். கிட்டே வைத்தால் வெடிப்பின் அதிர்வையே குண்டு என்று எடுத்துக்கொள்ளும். மேகம் கடந்தால் எண் மாறும். வெயில் சாய்ந்தால் குண்டே தெரியாது. கூரைக்குள் டியூப்லைட் எரிந்தால் அதன் துடிப்பும் குழப்பும். இத்தனைக்கும் ஈடுகொடுத்து நின்ற பிறகுதான் முதல் எண் வரும். வந்த எண்ணை உடனே நம்பவும் மாட்டோம்.

விலை குறைந்த கருவிகளில் ஸ்கிரீன்களுக்கு நடுவே இரண்டடிதான் இருக்கும், சிலவற்றில் அதைவிடக் குறைவு. அதில் அரைக்கால் அங்குலம் பிசகினாலே வேகத்தில் பதினாலு பதினைந்தடி தவறிவிடும். நாலடி இடைவெளி இருந்தால் தவறு பாதியாகக் குறையும். அதனால்தான் ரேஞ்சில் அனுபவப்பட்டவர்கள், திரையில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்று பார்க்காமல், ஸ்கிரீன்களைப் பூட்டும் கம்பி எவ்வளவு நீளம் என்று கேட்டார்கள்.

அவர்கள் பெரிதும் மதித்தது ஆஸ்டின் நகரத்தில் கென் ஓலர் உருவாக்கிய 35பி. அதில் மூன்று ஸ்கிரீன்கள். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஒரு வேகம், முதலாவதுக்கும் நடுவிலிருப்பதற்கும் இடையே இன்னொரு வேகம். ஒரே குண்டை இரண்டு முறை அளந்து, இரண்டு எண்களையும் காகிதச் சுருளில் அச்சிட்டுக் கொடுக்கும். இரண்டும் ஒத்துப்போனால் எடுத்துக்கொள்ளலாம், விலகி நின்றால் அந்தக் குண்டின் கணக்கையே விட்டுவிட வேண்டும். தன் சொல்லைத் தானே சரிபார்த்து, சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்லும் கருவி அது. பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல், தொங்கும் மரக்கட்டையில் குண்டைப் பாய்ச்சி, அது எவ்வளவு பின்னுக்கு ஆடியது என்பதை வைத்து வேகத்தைக் கணித்ததிலிருந்து இந்தத் துறையில் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. எனக்கு மிகப் பிடித்தது இந்த மூன்றாவது ஸ்கிரீன்தான்.

பிறகு குழலிலேயே கட்டிக்கொள்ளும் மேக்னெட்டோஸ்பீட் வந்தது. வேகத்தை நன்றாகவே அளக்கும், ஆனால் குழலில் எடை ஏறுவதால் குண்டு படும் இடம் நகரும். அதையடுத்து டாப்ளர் ரேடார். 2023-இல் வந்த கார்மின் ஸீரோ சட்டைப் பையில் அடங்குகிறது. மேசைமேல் வைத்தால் போதும், கோட்டைத் தாண்ட வேண்டியதில்லை, வெயிலையும் மேகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. விலகிப் போகும் குண்டில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணிக்கிறது. பழைய இரண்டு ஸ்கிரீன் பெட்டிகளைவிட இது எவ்வளவோ மேல். இன்று வாங்குகிறவர் ரேடாரையே வாங்கட்டும் என்றுதான் சொல்வேன்.

ஆனால் எண் சுலபமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அதைக் கேள்வி கேட்கும் பழக்கம் போய்விட்டது. இளைஞர்கள் ஐந்து குண்டு சுடுகிறார்கள், போனில் திட்ட விலக்கம் 10 அடி என்று வருகிறது, அந்த மருந்தளவு முடிவாகிவிடுகிறது. ஐந்தே குண்டுகளை வைத்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு சொல்லக்கூடியது, உண்மையான விலக்கம் 6 அடிக்கும் 29 அடிக்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே. இருபது முப்பது சுட்டால்தான் அது ஓரளவு பிடிபடும். சராசரி வேகத்திலேயே நூற்றில் ஒரு பங்கு தவறியிருந்தால், 1,000 கஜத்தில் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் மேலோ கீழோ போகும். இதில் அலட்சியம் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அந்த ஒரு சாண்தான் காரணம்.

ரேடார் உள்ளுக்குள் பல முறை அளந்தாலும் நம் கண்ணுக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் காட்டுகிறது. மூன்றாவது ஸ்கிரீன் செய்த வேலையை இப்போது நாம்தான் செய்ய வேண்டும். வேறு வழியில் அளக்கும் ஒரு கருவியை நண்பரிடம் இரவல் வாங்கி, ஒரே குண்டு இரண்டிலும் பதியும்படி வைத்துச் சுட்டுப் பாருங்கள். ரேடார் குழல்வாய் வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது, ஸ்கிரீன் பதினைந்தடி தள்ளி அளக்கிறது. ரைஃபிள் குண்டு கஜத்துக்குச் சுமார் இரண்டடி வேகத்தை இழப்பதால், ஸ்கிரீனின் எண் ஏறக்குறைய பத்தடி குறைவாகத்தான் வரும். அந்த வித்தியாசம் குண்டுக்குக் குண்டு ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் இரண்டு கருவிகளையும் நம்பலாம். ஒரு குண்டுக்கு மூன்றும் அடுத்ததற்கு இருபதுமாகத் தாவினால், மருந்தளவைத் தொடாதீர்கள். எந்தக் கருவி தடுமாறுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.