பருப்புக்கு ஆகாத பூச்செடி

கண்டி மண்ணில் எதை நட்டாலும் முளைக்கும். வேலிக்கு ஊன்றிய சீமைக்கிளுவைக் கம்பு துளிர்க்கும். குப்பையில் துப்பிய பப்பாசி விதை காய்க்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் தலைகாட்டும் ஊர்; ஆண்டுக்குச் சராசரியாக 1,800 மில்லிமீற்றர் அளவில் கொட்டுகிறது. அப்படிப்பட்ட ஊரில், ஹந்தானைச் சரிவில், எந்நேரமும் ஈரம் கசிகிற முற்றத்தை வைத்துக்கொண்டு, ஒரு செடியைப் பூக்கவைக்க முடியாமல் நின்ற பெருமை என்னைச் சேரும்.

பேராதனைப் பூங்காவில் 1821 முதல் செடி வளர்க்கிறார்கள். அங்கே போய்வரும் ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு நிபுணன் குடியேறிவிடுவான். அவன் பேச்சைக் கேட்டுத்தான் எட்டேரியா நட்டேன். கடல் கடந்து வந்த அலங்காரச் செடியல்ல, நம் காட்டிலேயே வளர்வது. வெள்ளைப் பூ, பூத்தால் இரவில் தெருமுனை வரை மணக்கும்.

எட்டேரியா, கறிவேப்பிலைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். கறிவேப்பிலையின் விஞ்ஞானப் பெயரில் குந்தியிருக்கும் கோனிக், தரங்கம்பாடியில் வைத்தியம் பார்த்தவர்; லின்னேயசிடம் படித்தவர். எட்டேரியாவின் பெயரில் இருக்கும் மர்ரேயும் அதே வாத்தியாரின் மாணவர்தான். இலையும் ஏறக்குறைய ஒரே சாடை. இந்தக் குடும்ப விவகாரமெல்லாம் தெரிந்த நான் அதைக் குசினி வாசலில் நட்டேன். ஒருநாள் பருப்புக் கறி மணமே இல்லாமல் வந்தது.

"என்னங்க, இந்தக் கறிவேப்பிலை வாசமே இல்லையே?"

அது கறிவேப்பிலை அல்ல, பார்வைக்கு மட்டும்தான் அப்படி என்று விளக்கினேன்.

"பார்வைக்கு மட்டும் வீட்டில் ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறாரே!" என்றாள் மனைவி.

நான் மனம் தளரவில்லை. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. மழை நாளிலும் குடையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். மழை ஊற்றுவது மழையின் கடமை, நான் ஊற்றுவது என் கடமை. செடி கொழுகொழுவென்று தழைத்தது. மொட்டு மட்டும் காணோம்.

கடைசியில் பக்கத்து வீட்டு மாத்தயா, தேநீர்க் கோப்பையும் கையுமாக வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்துச் சொன்னார்: மண் ஈரமாக இருக்கலாம், தண்ணீர் தேங்கக் கூடாது, கொஞ்ச நாள் காயப்போட்டு அதன் மேல் ஒரு மழை அடித்தால்தான் இது கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் குடையோடு தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்க வீட்டில் எல்லோருக்கும் ஆசை."

அப்போதும் நான் வாளியை விடவில்லை. வாளிதான் என்னை விட்டது. மாசியில் இடுப்புப் பிடித்துக்கொண்டு பாயோடு கிடந்தேன். செடி காய்ந்து வாடியது. பங்குனியில் இடியோடு ஒரு மழை. அடுத்த சில நாளில் இலை தெரியாமல் பூத்துத் தள்ளிவிட்டது! வாசம் பொறுக்காமல் மனைவி தலைவலி என்று சன்னலைச் சாத்தினாள். உதிர்ந்த பூவையெல்லாம் மாத்தயா வீட்டம்மா புத்தர் படத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்.

நலம் விசாரிக்க வந்தவர்கள் பூவைப் பார்த்து அசந்து, என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டார்கள். நான் தலையணையில் சாய்ந்தபடி தொண்டையைச் செருமினேன். மனைவி முந்திக்கொண்டாள்:

"உரமெல்லாம் இல்லை. இவர் படுத்துவிட்டார், அது பூத்துவிட்டது."