அட்டை எண் 19: பட அட்டைவழிக் காய்கறிப் பெயர்க் கல்வி குறித்த ஓர் ஆய்வு

குழந்தைகளுக்குப் பட அட்டை காட்டிக் காய்கறிப் பெயர் சொல்லித்தருவது பற்றி இதுகாறும் முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை. நிகழ்ந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது ஆய்வு மரபன்று. எனவே நிகழவில்லை.

ஆய்வுக் களம்: எங்கள் வீட்டுக் கூடம். முதன்மைத் தரவு: 32 அட்டைகள் கொண்ட பெட்டி ஒன்று. தகவலாளி: என் மகள், வயது இரண்டரை. தகவலாளி இருமுறை தூங்கிவிட்டார். ஒருமுறை தரவின் மீது பால் ஊற்றினார்.

துறையின் வரலாறு பழையது. 1658இல் நூரெம்பெர்க்கில் கொமேனியஸ் குழந்தைகளுக்கென ஒரு படப் பாடநூலை வெளியிட்டார். 1939இல் சென்னைக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார் போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். கேரட்டும் பீன்ஸும் கொல்லைப்புறத்திலேயே விளையும் ஊரில் அவர் அட்டையைத் தேடியிருக்க மாட்டார் என்று கருத இடமுண்டு. அவர் முறையில் பெயர் கற்பிக்க மூன்று படிகள்: ‘இது கத்திரிக்காய்’, ‘கத்திரிக்காயைக் காட்டு’, ‘இது என்ன?’ முதற்படி எங்கள் களத்தில் சிறப்பாக நடந்தது, அதில் நான் மட்டுமே பேசினேன். இரண்டாம் படியில் தகவலாளி மின்விசிறியைக் காட்டினார். (கத்திரிக்காயா கத்தரிக்காயா என்று இங்கே எழுந்து கேட்கும் புலவர்கள் வெளித்திண்ணையில் அமரலாம். அவர்களுக்குத் தனி அமர்வு உண்டு, தேநீர் இல்லை.)

இனி வகைப்பாடு.

கேரட்: ஆய்வதற்கு ஒன்றுமில்லை. எல்லா ஊரிலும் கேரட்.

முருங்கைக்காய்: அட்டைக்குள் அடங்காததால் மூன்றாக நறுக்கிப் படம் போட்டிருக்கிறார்கள். தகவலாளி ‘குச்சி’ என்றார். ஏற்கப்பட்டது.

தக்காளி: இது காயா பழமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அன்று அங்கே இறக்குமதியாகும் காய்க்கு வரி இருந்தது, பழத்துக்கு இல்லை. தாவரவியல்படி பழமே ஆனாலும் வரிக்குக் காய்தான் என்று 1893இல் தீர்ப்பானது. நாம் அதைத் தக்காளிப்பழம் என்று பெயர் சொல்லி, காய்கறிக் கடையில் வாங்கி, ரசத்தில் போட்டுவிட்டு, யார்மீதும் வழக்குத் தொடராமல் இருக்கிறோம்.

அட்டை எண் 19: மஞ்சளாக, வரிவரியாக, உருண்டையாக ஒன்று. கீழே ‘பூசணி’ என்று அச்சாகியிருக்கிறது. (அட்டை உலகில் பட்டாணியும் பூசணியும் ஒரே அளவு, அதை விடுங்கள்.) இந்த ஆய்வு தடம் புரண்ட இடம் இதுதான்.

தகவலாளியின் அப்பா வழிப் பாட்டி திருநெல்வேலி. “பூசணிக்காதான், வேற என்ன?” என்றார் (ஆச்சி, வாய்மொழி). தாய்வழிப் பாட்டி ஈரோடு. “ஏனுங் மாப்ள, அரசாணிக்காயப் போயி பூசணிங்கறீங்க? பூசணின்னா வெள்ளையில்லீங்?” (அம்மிச்சி, தொலைபேசி, உரத்த குரல்). ஆச்சி அசரவில்லை. “அப்பம் தடியங்காய அவுக என்னன்னு சொல்லுவாகளாம்? கேளு” (ஆச்சி, ‘மறுப்புரை’, அடுக்களைப் பதிப்பு, குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி, இப்பகுதியில் ஓசையால் சில சொற்கள் சிதைந்துள்ளன, அவை சம்பந்தியம்மாளைக் குறித்தவை என்று ஐயுற்ற பதிப்பாசிரியர், குடும்ப நலன் கருதி அவற்றை மீட்டெடுக்க முயலவில்லை).

சான்றுகளை ஒப்புநோக்கினால் தெரிவது: ஆச்சிக்கு மஞ்சள் பூசணி, வெள்ளை தடியங்காய். அம்மிச்சிக்கு மஞ்சள் அரசாணி, வெள்ளை பூசணி. ஒருவர் வீட்டுப் பூசணி மற்றவர் வீட்டில் வேறு காய். மாடி வீட்டுக் கும்பகோணத்து மாமியோ, கேட்காமலே இறங்கி வந்து, “அது பரங்கின்னா” என்றார். பரங்கி என்றால் வெள்ளைக்காரன். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த காய்க்கு அது பொருத்தமான பெயர்தான். ஆனால் வெள்ளைக்காரன் மஞ்சளாகவும் உள்ளூர்க்காரன் வெள்ளையாகவும் இருப்பது தகவலாளியை மேலும் குழப்பக்கூடும் என்பதால் அதைச் சொல்லவில்லை. தள்ளுவண்டிக்காரர் சுருக்கமாக முடித்தார்: “ஒரு கீத்து இருபது ரூபா சார். எந்தப் பேருல வேணா வாங்கிக்குங்க.” இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த ஒரே நடுநிலைச் சான்று அது.

இந்தப் பெயர்களை ஆளுக்கோர் அட்டவணையாக்கி, அட்டவணைக்கோர் இயலாக நீட்டினால் முனைவர் பட்டத்துக்குக் காணும். நெறியாளர் படிக்க மாட்டார் என்பதால் நடுவே குழம்பு வைக்கும் முறையையும் சேர்க்கலாம்.

ஆயுத பூஜையன்று தெருவில் வெள்ளைக்காய் ஒன்றைக் குங்குமம் வைத்து உடைத்தார்கள். “பூசணி உடைக்கிறாங்க பாரு” என்றேன். தகவலாளி என்னை இரக்கத்துடன் பார்த்தார். “பூசணி மஞ்ச,” என்றார். மூன்றாம் படியும் நிறைவேறியது என்று குறித்துக்கொண்டேன். அம்மிச்சிக்கு இன்னும் தெரிவிக்கவில்லை.

எஞ்சியிருப்பது அட்டையின் தாவரவியல் நிலை. தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் அகத்தே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரிக்கிறது. உரையாசிரியர் எவரையும் கற்காமலே தகவலாளி இந்தச் சோதனையை அறிந்திருக்கிறார், கருவி, பல். அட்டை எண் 19இன் வலது மேல் மூலையில் நான்கு பற்களின் தடம் தெளிவாக உள்ளது. அன்று மதியம் தட்டில் வைத்த பூசணிக் கூட்டில், அதாவது பரங்கி, அதாவது அரசாணிக் கூட்டில், ஒரு தடமும் இல்லை.