மரத்திலிருந்து இறங்கிய குழாய்

என் மகன் ஆறு மாதமாகக் குழாய் ஸ்பீக்கர் பார்த்துக்கொண்டிருந்தான். பெண் பார்த்தபோதுகூட அவன் இத்தனை இடத்தில் விசாரிக்கவில்லை. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், என் அப்பா காலத்தில் அரிசி ஆலையாக இருந்து, பிறகு நெல் கிடங்காகி, கடைசியில் வௌவால்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டது போலக் கிடந்த எங்கள் பழைய கட்டடத்தை, பெங்களூர் வேலையை மடிக்கணினியில் மடித்து ஊருக்கே கொண்டுவந்துவிட்ட அவன், பாட்டுக் கேட்கும் அறையாக்கப் போகிறேன் என்றான். 42 அடி நீளம், 26 அடி அகலம், ஓட்டுக்கூரை உச்சிக்கு 18 அடி. “இவ்வளவு பெரிய ரூமுக்குச் சாதா ஸ்பீக்கர் பத்தாதுப்பா, ஹாரன்தான் வேணும்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பார்த்த ஹாரன்களெல்லாம் கரும்பனை உச்சியில் இருந்தவை. சித்தூர்த் தாலுகா முழுவதும் அவற்றுக்கு ஒரே ரூம்தான்.

உங்கள் ஊரிலும் ஒரு ரேடியோ செட்டுக்காரர் இருந்திருப்பார். எங்களுக்கு அவர் செட்டுக்காரண்ணன். 1966, 67 வாக்கில் எனக்குப் பத்துப் பதினோரு வயது; பள்ளிக்கூடம் போன நேரம் போக மீதி நேரமெல்லாம் அவருக்கு எடுபிடி. சைக்கிள் கேரியரில் சாக்கு சுற்றிய ஆம்ப்ளிஃபையர், கைப்பிடியின் இரண்டு பக்கமும் இரண்டு குழாய், என் தலையில் ரிக்கார்டுப் பெட்டி, சட்டைப் பையில் ஊசி டப்பா. கல்யாண வீட்டுக்குப் போய் இறங்கியதும் கள்ளிறக்குகிறவரைக் கூப்பிடுவார்கள். அவர் குழாயை இடுப்பில் கட்டிக்கொண்டு பனையேறி, உச்சியிலிருந்து ஒரு தடவை நாலு திசையும் பார்த்துவிட்டு, “கிழக்கத்திக் காத்து, மேக்கால திருப்பட்டுங்களா?” என்று கேட்பார். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கும் ஊர்களில் மார்கழி, தை மாதக் காற்றை எதிர்த்து யாராலும் பாட முடியாது, டி.எம்.சௌந்தரராஜனாலும் முடியாது. காற்றோடு போனால் மூன்று மைலுக்குக் கேட்கும். வெளியூர் உறவுக்காரர்கள் கல்யாண வீட்டுக்கு வழி கேட்டதே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, காதைத் திருப்பி, பாட்டு வரும் பக்கம் நடந்து வந்துவிடுவார்கள்.

அதிகாலை நாலரைக்கு ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் உடனே சத்தம் வராது. வால்வு சூடாக வேண்டும். கண்ணாடிக் குமிழ்களுக்குள் இழை மெல்லச் சிவந்து ஆரஞ்சாகும் அந்த ஒரு நிமிஷத்தில், மார்கழிக் குளிரில் விறைத்த விரல்களை அதன் தலைமேல் காட்டிக் குளிர் காய்வேன். பிறகு நாதஸ்வரம், பிறகு சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, விடிந்ததும் சினிமா. அடுத்து எந்த ரிக்கார்டு என்பதை அண்ணன்தான் தீர்மானிப்பார். மாப்பிள்ளைக்கே அதில் வாக்கு கிடையாது. பெட்டியில் பாதிக்கு மேல் எம்.எஸ்.விஸ்வநாதன். 1928-ல் எங்களுக்குச் சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கும் எலப்புள்ளியில் பிறந்தவர் என்பதால், அவர் பாட்டை ஊர்ப் பொதுச்சொத்தாகவே அண்ணன் நடத்தினார். 1965-ல் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்தபோது, பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்ட வீட்டுக்காரர் போல ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதையெல்லாம் சொன்னால் பழசு எல்லாம் பொன் என்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குழாய் பாதிப் பாட்டைத்தான் பாடியது. மடித்துச் செய்த அந்த அலுமினியக் குழாயால் 300 ஹெர்ட்சுக்குக் கீழே எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. பஞ்சாயத்து ரேடியோவில் என்றைக்காவது கச்சேரி வைப்பார்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் சொடுக்குப் போல மரத்திலிருந்து உதிரும், இடப்பக்கத் தொப்பியின் கும்காரம் காற்றிலேயே கரைந்துவிடும். அவர் ஒரு கட்டத்தில் மைக் வைத்தால் வாசிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெரியவருக்குப் பிடிவாதம் என்று அன்றைக்கு நான் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அவர் வாசித்ததில் பாதியைக்கூட நான் கேட்டதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

குழாயின் சூத்திரம் ஒன்றும் பெரிதில்லை. வயலுக்கு அக்கரையில் இருக்கிறவரைக் கூப்பிட இரண்டு கையையும் வாயருகே குவிக்கிறோமே, அதுதான். குழாயின் அடியில் இருக்கும் யூனிட்டுக்குள் துடிக்கும் சின்னத் தகடு நேராகக் காற்றைத் தள்ளினால் காற்று பிடிகொடுக்காது; குறுகிய கழுத்தில் தொடங்கி மெல்ல விரியும் குழாய் வழியாகத் தள்ளினால் வீணாகாமல் ஊருக்குப் போய்ச் சேரும். சாதாரண ஸ்பீக்கரில் கொடுக்கும் மின்சாரம் நூற்றில் ஒரு பங்குகூட ஓசையாகத் தேறாது, மற்றதெல்லாம் சூடு. நல்ல குழாயில் பத்துப் பங்குக்கு மேல் தேறும். 1926-ல் அமெரிக்காவில் படத்தைப் பேசவைத்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 யூனிட்டுக்கு ஆளுயரத்துக்கும் மேற்பட்ட குழாய்களைப் பொருத்தியது அதற்காகத்தான். அன்றைய ஆம்ப்ளிஃபையர்களுக்கு மூச்சு குறைவு, கொட்டகையோ பெரிது.

பிறகு நான் வாத்தியாரானேன். 1979-ல் மறையூரில் தமிழ் வகுப்புக்கு வேலை கிடைத்து, உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாகப் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். மனிதனுக்கு உத்தியோகம் கிடைத்ததும் முதலில் வருகிற வியாதி, சத்தம் பிடிக்காமல் போவது. கோயில் குழாய் என் வாடகை வீட்டு ஜன்னலை நேராகப் பார்த்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எப்படிப் படிக்கும் என்று கேட்டு மேலிடத்துக்கு மூன்று பக்க மனு எழுதினேன். “ஒலி மாசு” என்ற சொல்லை அந்த ஊரில் முதலில் எழுதியவன் நானாகத்தான் இருக்கும். ஊர்க்காரர்கள் மரியாதைக்காரர்கள். கூட்டம் போட்டார்கள். ராத்திரி முழுக்கக் கரும்புச்சாறு காய்ச்சுகிற கொட்டகைக்காரர் ஒருவர் எழுந்து, “சார் சொல்றது சரிதானுங்க. ஆனா பாட்டு நின்னா நாங்க தூங்கிருவோம், பாகு தீஞ்சிரும்” என்றார். கடைசியில் வாத்தியாருக்காகக் குழாயை எதிர்மலைப் பக்கம் திருப்பிவைத்தார்கள். அன்று இரவிலிருந்து ஒவ்வொரு பாட்டும் எனக்கு இரண்டு தடவை கேட்டது: நேராக ஒன்று, மலையில் மோதித் திரும்பி இரண்டு விநாடி கழித்து ஒன்று. மறு மனு எழுத வெட்கமாக இருந்தது.

அதே கொட்டகைக்காரர்தான், சூடான வெல்லத்தை இலையில் வைத்துக் கொடுத்துவிட்டு, 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் கதையைச் சொன்னார். தன் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகக் கம்யூனிஸ்ட் கட்சி, மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜனைக் கூட்டிவந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாகப் போய்ப் பாட்டாலேயே ஓட்டுக் கேட்டார்கள். கூடவே வந்த பதினைந்து வயதுகூட நிறையாத தம்பிதான் பின்னாளில் இளையராஜா. நான் மறையூருக்குப் போன 1979-ல் அந்தத் தம்பியின் பாட்டுத்தான் எதிர்மலையில் மோதி எனக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்தது. அதை எதிர்த்துத்தான் நான் மனு எழுதினேன் என்பதை என் மகனிடம் இதுவரை சொன்னதில்லை. அவன் இளையராஜா பக்தன்.

இனி மகன் கதை. முதலில் அவன் கிளிப்ஷார்ன் என்றான். பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர் 1946-லிருந்து விற்றது, இன்றும் வருகிறது. 50 ஹெர்ட்ஸ் ஓசையின் ஓர் அலை மட்டும் ஏழு மீட்டர் நீளம். அதைப் பாட நேர்க்குழாய் வைத்தால் ஆலையின் பாதி போய்விடும் என்பதால், குழாயை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, அறையின் மூலைச் சுவர்களையே குழாயின் வாயாக்கிவிட்டார் மனிதர். எனக்கு அந்தத் தந்திரம் பிடித்தது. ஆனால் அதற்கு நல்ல மூலை இரண்டு வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஒரு மூலையில் வாசல், இன்னொரு மூலையில் அப்பா வைத்த தராசு மேடை. மேடையை இடிக்கலாமா என்றான். என் மனைவி பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்து, மூடிப்போன ஏதாவது தியேட்டரிலிருந்து பழைய ஆல்டெக் கம்பெனிக் குழாய் கிடைக்குமா என்று கோயமுத்தூரெல்லாம் தேடினான். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் வெரைட்டி ஹால் கட்டிய ஊராயிற்றே, கிடைக்காமலா போகும் என்றேன் நானும். கிடைத்ததெல்லாம் எலி குடியிருந்த பெட்டிகள்.

கடைசியில் அதே கிளிப்ஷின் லா ஸ்காலா. மூன்றடிக்கு மேல் உயரம், மூலை வேண்டாம். ஒரு காரின் விலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். துல்லியத் தொகை வீட்டில் இன்னும் வெளியிடப்படவில்லை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 105 டெசிபெல் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். ஆறு மீட்டர் தள்ளி என் நாற்காலி, அதில் 16 போனாலும் 89 நிற்கும்; இதே சத்தத்துக்குச் சாதாரண ஸ்பீக்கர் அறுபது வாட் கேட்கும் என்றான். அதனால் எட்டே வாட் கொடுக்கும் வால்வு ஆம்ப்ளிஃபையர் போதுமாம். வால்வா! நாங்கள் பழைய இரும்புக்குப் போட்டதை இவர்கள் தவமிருந்து வாங்குகிறார்கள். எனக்கு நிஜமாகவே சந்தோஷம் கொடுத்த சங்கதி வேறு. இந்த லா ஸ்காலாவை அவர்கள் 1963-ல் செய்ததே, ராக்ஃபெல்லர் குடும்பத்து வின்த்ராப் என்பவர் அர்கன்சாவில் கவர்னர் தேர்தலுக்கு நின்றபோது கூட்டத்தில் பேசுவதற்காகத்தானாம். அப்படியானால் இத்தாலி நாடகக் கொட்டகையின் பெயரைச் சூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருப்பதும் ஓட்டுக் கேட்ட குழாய்தான். ஜீப்பிலிருந்து இறங்கி, பட்டு உடுத்தி வந்திருக்கிறது.

பெட்டி வந்து இறங்கிய அன்றே ஒன்று புரிந்தது. வெறும் அறை கிணறு போல முழங்கியது. கிடங்காக இருந்த காலத்தில் நெல்மூட்டை அடுக்கியிருக்கும்போது உள்ளே கூப்பிட்டால் குரல் அப்படியே விழுங்கப்பட்டுவிடும். நாங்கள் ஒளிந்து விளையாடியதே அதனால்தான். உமி மூட்டை பத்து அடுக்கினால் போதும் என்றேன். பஞ்சுப் பலகைக்குப் பெங்களூரில் ஆர்டர் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். பலகை வரும்வரைக்கும் என்று வைத்த உமி மூட்டை இன்றும் பின்சுவரோரம் இருக்கிறது, கதர்த் துணி போர்த்திக்கொண்டு.

முதல் தட்டு, நான் கேட்டபடி, எம்.எஸ்.வி. அறுபது வருஷமாக எனக்கு மனப்பாடமான பாட்டு. அதில் ஒரு டபுள் பாஸ் நடந்துகொண்டே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பனைமரம் அதை என்னிடம் சொல்லவே இல்லை. கண் கலங்கியது உண்மை. ஆனால் ஏதோ ஒன்று குறைகிறதே என்று தேடிப் பார்த்தேன்: காற்று. அன்றைக்குக் காற்று திரும்பும்போது பாட்டு தேய்ந்து ஓர் அடி காணாமல் போகும். அந்த அடியை, களை எடுக்கிற பெண்கள் வயலிலிருந்தும், நான் வரப்பிலிருந்தும், அவரவர் ராகத்தில் பாடி நிரப்புவோம். காற்று வந்ததும் சௌந்தரராஜன் எங்களோடு வந்து சேர்ந்துகொள்வார். இப்போது முழுப் பாட்டும் வந்துவிடுகிறது. எனக்கு வேலை இல்லை.

போன மாதம் செட்டுக்காரண்ணனைக் காரில் கூட்டிவந்தேன். எண்பத்தைந்து தாண்டிவிட்டது. கூம்புக் குழாய் கட்டக்கூடாது, பெட்டி மட்டும்தான் என்று உத்தரவு வந்தபோதே தொழிலை விட்டவர். வந்தவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. நேரே வால்வுகளிடம் போய் விரலைக் காட்டிச் சூடு பார்த்தார். மூன்று பாட்டு கண்ணை மூடிக் கேட்டார். மகன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சுத்தமா இருக்குது கண்ணு. நாள் வாடகை என்ன சொல்லுவே?”

வாடகைக்கு இல்லீங்க தாத்தா என்றான். அவருக்கு அது புரியவில்லை. ராத்திரி பத்துக்கு மகன் அணைத்துவிட்டான். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்ற 2000-ஆம் வருஷச் சட்டம் மூடிய அறைக்குள் பாடுகிறவனுக்கு இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பரீட்சை. என் மனுவின் வாரிசு எங்கோ எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் என்ற பயம் எனக்கும் உண்டு.

ஞாயிறு மாலைகளில் நான் அங்கேதான் இருப்பேன். உங்களிடம் பழைய தட்டு இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஊசி புதுசு. வேலந்தாவளம் ரோட்டில் இறங்கிக் காதைத் திருப்பிப் பயனில்லை. அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. போன் பண்ணிவிட்டு வாருங்கள்.