வெள்ளைக் கரு வீரர்

தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். வயது 16, படிப்பு பிளஸ் ஒன், முழுநேரத் தொழில் கண்ணாடி பார்ப்பது. வீட்டுக் கண்ணாடி என்றில்லை. நிறுத்தி வைத்த கார், ஏ.டி.எம். கதவு, அணைத்த செல்போன் எதுவானாலும் சரி. பார்ப்பது முகத்தை அல்ல, புஜத்தை. கக்கத்துக்கு ஒரு தேங்காய் இடுக்கியதுபோலக் கைகளை அகட்டிக்கொண்டு நடப்பார். எங்கள் வீட்டில் இந்தப் பதவியை வகிப்பவர் என் அக்கா மகன்.

ஜிம்மில் சேர்ந்து நாற்பது நாள்தான். பேச்சே மாறிவிட்டது. "மாமா, இன்னிக்கு செஸ்ட் டே" என்கிறார். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் பைசெப்ஸ். லெக் டே என்றும் ஒன்று உண்டாம். அன்றைக்குப் பார்த்து அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். கால் பேண்டுக்குள் இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள்?

இட்லி கார்ப். சோறு கார்ப். பொங்கல் பெருங்கார்ப். பாட்டி பிசைந்து தரும் தயிர்சாதத்தைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல விலகுகிறார். காலையில் ஆறு முட்டை, அதில் வெள்ளை மட்டும். மஞ்சளைத் தொட்டால் தொப்பை என்று மாஸ்டர் சொல்லிவிட்டாராம். "முட்டையில இருக்கிறதே சுமார் 6 கிராம் புரோட்டீன். அதுல ஐந்தில் ரெண்டு பங்கு மஞ்சள்லதான்டா இருக்கு" என்றேன். "உங்க ஆர்ம்ஸ் எத்தனை இஞ்ச் மாமா?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டேன். ஒதுக்கிய மஞ்சளையெல்லாம் வீணாக்க மனமில்லாமல் அத்தான் சாப்பிட்டு வருகிறார்.

அடுத்து வந்தது டப்பா. பெயிண்ட் டப்பா அளவு. விலையைக் கேட்டு அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருப்பது வேறொன்றுமில்லை. பாலைத் திரித்துக் கட்டியை எடுத்தபின் மிஞ்சுகிற தண்ணீரில் இருக்கும் புரதத்தைப் பிரித்துப் பொடியாக்கியது. பால் திரிந்தால் அந்தத் தண்ணீரை ஆயுசு பூராவும் சாக்கடையில் ஊற்றியவள் அக்கா. அதன் ஒன்றுவிட்ட தம்பி சாக்லேட் வாசனை பூசிக்கொண்டு பல ஆயிரம் ரூபாய்க்குத் திரும்பி வந்து அலமாரியில் உட்கார்ந்திருக்கிறான். 16 முதல் 18 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 55 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர். 2020-இல் சொன்ன கணக்கு. பருப்பு, சுண்டல், தயிர், முழு முட்டை, மீன் என்று பாட்டி சமையலே அதை எட்டிவிடும். அதே கணக்கில் கலோரி 3,320. இட்லியை விரட்டிவிட்டு அதற்கு எங்கே போவது?

சிரிக்கிறேனே தவிர, இதன் ஆரம்பம் எனக்குத் தெரியும். போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் "வாடா நெத்திலி" என்று கூப்பிட்டவன் நான்தான். பந்தியே சிரித்தது. அவனும் சிரித்தான். மறுநாளிலிருந்து சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. அதைக் கவனிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

போன வாரம் எல்லோருமாக டாக்டரிடம் போனோம். உயரம் பார்த்தார், எடை பார்த்தார், வளர்ச்சி அட்டவணையில் புள்ளி வைத்தார். வயதுக்கும் உயரத்துக்கும் எடை சரியாகவே இருக்கிறதாம். "பசங்களுக்கு முதல்ல உயரம் வரும்ப்பா, சதை பின்னாடி வரும்" என்றார்.

"அதுவரைக்கும் நான் என்ன சார் பண்றது?"

"சாப்பிடு. விளையாடு. தூங்கு."

இவ்வளவு மலிவான வைத்தியத்தை நம் வீரர் எதிர்பார்க்கவில்லை. முகம் தொங்கிவிட்டது.

வந்ததுதான் வந்தோம் என்று அத்தானும் மெஷினில் ஏறினார். 3 கிலோ கூடியிருந்தது.