கூறு என்ன விலை?

கேள்வி: சந்தையில் ‘கூறு இருபது ரூபாய்’ என்று தக்காளி விற்கிறார்களே, ஒரு கூறு எத்தனை கிலோ?

பதில்: அது கடைக்காரருக்கே தெரியாது. தெரிய வேண்டுமென்றால் தராசல்லவா வாங்கியிருப்பார்! சாக்கை விரித்து, கைக்குத் தோன்றிய அளவில் குவித்தால் அது கூறு. நல்ல பழம் மேலே, நசுங்கியது அடியில். பக்கத்துக் கூறிலிருந்து ஒரு பழத்தை உருவிப் பையில் போட்டுக்கொள்வது வாங்குபவரின் பங்கு.

நாலைந்து வீட்டார் பணம் போட்டு ஆடு வெட்டும் தீபாவளிக் காலையில்தான் கூறு போடுவது ஒரு கலை என்று புரியும். ஈரலும் நெஞ்செலும்பும் கொழுப்பும் எல்லாக் குவியலிலும் விழ வேண்டும். ஒரு கூறில் ஈரல் ஒரு துண்டு கூடிவிட்டால், அடுத்த தீபாவளி வரை ஊருக்கு அதுவே பேச்சு.

கேள்வி: என்னை வீட்டில் ‘கூறு கெட்டவன்’ என்கிறார்கள். எந்தக் கூறு கெட்டது?

பதில்: புத்திதான். எது எது என்று பிரித்தறியும் தெளிவுக்கும் கூறு என்றே பெயர். இதைப் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டிருக்கிறீர்கள் என்பதையும் வீட்டார் கவனிப்பார்கள்.

கேள்வி: கூறு என்றால் ‘சொல்’ என்றும் பொருள் உண்டே, குழப்பம் வராதா?

பதில்: மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். மீனைக் கூறு கூறாகக் குவித்து வைத்து, அதன் பக்கத்திலேயே நின்று ஒருவர் ஏலம் கூறுவார். குழம்புவது வேடிக்கை பார்க்கப் போனவர் மட்டுமே.

கேள்வி: எமனுக்குக் கூற்றுவன் என்ற பெயர் எப்படி வந்தது?

பதில்: உடலையும் உயிரையும் கூறுபடுத்துவதால் என்பது உரைகாரர்கள் தரும் விளக்கம். ‘கூற்றம்’ என்றாலும் அவர்தான். ஆனால் சோழர் கல்வெட்டில் ‘தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்’ என்று கண்டால் பதற வேண்டாம். பல ஊர்களைச் சேர்த்த நிர்வாகப் பிரிவுக்கும் அன்று கூற்றம் என்றே பெயர்; நாடு என்றும் சொன்னார்கள். அதற்கு மேலே வளநாடு, அதற்கும் மேலே மண்டலம். வரி கேட்டு வந்தவரையும் குடிகள் கூற்றுவன் என்றார்களா என்பதைக் கல்வெட்டு சொல்லாது. அதை வெட்டச் சொன்னவர்கள் யார் என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

கேள்வி: தண்ணீரை எத்தனை கூறு போட்டாலும் தண்ணீர்தானே?

பதில்: மூலக்கூறு வரைக்கும். அதையும் உடைத்தால் ஹைட்ரஜன் அணு 2, ஆக்சிஜன் அணு 1. ஹைட்ரஜன் வாயு தானே எரியும். ஆக்சிஜன் மற்றது எரியத் துணை நிற்கும். தீயணைப்பு வண்டியில் தண்ணீரைக் கூறு போடாமலே ஊற்றிக் கொண்டுபோவது நல்லது.