ஒரே திறமை

திருவிதாங்கூர்ப் பாலராமவர்ம மகாராஜா காலத்தில் உம்மிணித் தம்பி தளவாய் தமிழ்ச் சாலியர் குடும்பங்களைக் குடியேற்றியது முதலாகப் பாலராமபுரத்துப் பாலர்கள் குழித்தறியில் அமர்ந்து, மிதிபலகையை மிதித்து, அறுந்த இழையை விரல்நுனியால் உணர்ந்து முடிந்து, பொறுமை என்னும் குணத்தை வீணே அப்பியசித்து வந்த அஞ்ஞானத்தை, இக்காலத்து நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்கூடங்கள் போக்கியருளின. விடலைப் பருவத்தார் அனைவருக்கும் இயற்கை வழங்கியிருப்பது நீட் எழுதும் திறமை ஒன்றே என்று அவை கண்டறிந்தது சாமானியக் காரியமா? நற்குணத்துக்கும் குறைவில்லை: நான்கு வட்டங்களில் ஒன்றைக் கறுப்பாக்குவது விவேகம், பிழைத்தால் ஒரு மதிப்பெண் போய்விடுமே என்று நடுங்குவது தர்மபயம். அண்மையில் பயிற்சிக்கூட ஆலோசகர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு அசல் கைத்தறிப் புளியிலைக்கரை நேரியல் தேடிச் சாலியர் தெருவெல்லாம் அலைந்து, நெய்ய இளையவர் எவருமில்லை என்றறிந்து மனம் நொந்து கூறினார்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலில் சிரத்தையே இல்லை, ஐயா!"